தோற்ற டீமைக் கலைப்பதா, வைத்துக்கொள்வதா? கடற்கரை ஃபுட்பால் கிளப்புகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கடைசி மேட்ச் முடிந்த இரவில் எல்லாக் கிளப்பிலும் ஒரே பேச்சுதான். "இந்த டீமை வெச்சுக்கிட்டு அடுத்த வருசமும் மானத்தை வாங்கவா? கலைச்சு விடுங்கப்பா." இதைச் சொல்பவர் அந்த சீசனில் இரண்டு மேட்ச் பார்த்திருந்தால் அதிகம். பக்கத்திலேயே இன்னொருவர், "நம்ம பயலுகடா, அவனுகளை விட்டுட்டு ஊருக்குள்ள எப்படி நடக்குறது" என்பார். அவர் மகன்தான் டீமின் லெஃப்ட் பேக்.

ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் ஒரு ஊர்க் கிளப்புக்குப் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எட்டு ஊர் சேர்ந்து நடத்தும் லீக். ஒவ்வொரு ஊரோடும் இரண்டு முறை, மொத்தம் 14 மேட்ச். இரண்டு சீசனுக்கு முன்னால் 2 வெற்றி, 4 டிரா, 8 தோல்வி. 10 புள்ளி, ஏழாவது இடம். கலைத்துவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கலைக்காமல் விட்டோம். 18 பேரில் 13 பேரை வைத்துக்கொண்டு அடுத்த சீசனில் நான்காவதாக வந்தோம். எப்படி முடிவெடுத்தோம் என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். பெரிய கிளப் நடத்துபவர்களுக்கு இதில் வேலை இல்லை. 15, 20 பையன்கள், ஒரு மைதானம், ஓட்டை விழுந்த ஒரு பந்து என்று இருப்பவர்களுக்காக எழுதுவது.

படி 1: அன்று இரவு பேசாதீர்கள்

ஜெர்சியை எண்ணி வாங்குங்கள். ரெஃப்ரிக்குப் பாக்கி இருந்தால் கொடுங்கள். வீட்டுக்குப் போங்கள். எங்கள் லீக் செப்டம்பர் கடைசியில் முடியும். அடுத்த மாதமே வடகிழக்கு மழை தொடங்கி மைதானத்தில் தண்ணீர் நிற்கும். கூட்டத்தைப் பொங்கலுக்குப் பிறகு வையுங்கள். அதற்குள் கோபமும் வடிந்திருக்கும்.

படி 2: நோட்டை விரியுங்கள்

நோட்டே இல்லை என்றால் இந்த வருடம் டீமைத் தொடாதீர்கள், அடுத்த சீசனுக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். ஞாபகத்தை வைத்து டீம் கலைத்தால், கடைசியாகத் தப்பு செய்தவன் மட்டும்தான் வெளியே போவான்.

எங்கள் நோட்டு ஒரு சம்மாட்டி (படகு முதலாளி) வீட்டில் டீசல் கணக்குக்காக வாங்கி, பாதியில் விட்டது. முன்பக்கமெல்லாம் லிட்டர் கணக்கு, பின்பக்கமிருந்து ஃபுட்பால். ஒரு மேட்சுக்கு ஒரு பக்கம். தொடங்கிய 11 பேர், யார் எத்தனையாவது நிமிடத்தில் வெளியே வந்தார், மாற்றாக யார் போனார். அதற்குக் கீழே வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வரி: நிமிடம், எந்தப் பக்கத்துப் போஸ்ட், எப்படி விழுந்தது. ஏழாவது மேட்ச் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "63, கார்னர், முதல் போஸ்ட், ஒருத்தனும் எகிறவில்லை. 71, நம்ம த்ரோ, நாமே விட்டது. 84, ரைட் சைடு காலி." தேங்காய் எண்ணெய் கறைக்கு நடுவில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

அந்த சீசனில் 27 கோல் வாங்கியிருந்தோம். டிஃபென்ஸ் சரியில்லை என்று ஊரே சொன்னது, நானும் சொன்னேன். நிமிடத்தை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தால், 27-இல் 17 கோல் 60-ஆவது நிமிடத்துக்குப் பிறகு. ஆட்டம் தெரியாத டிஃபென்ஸ் என்றால் முதல் பாதியிலும் ஓட்டையாகத்தானே இருக்க வேண்டும்?

அப்புறம் காற்று. ஜூலை, ஆகஸ்டில் கச்சான் காற்று அடிக்கும்போது இங்கே நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கிய பந்து எங்கே இறங்கும் என்பது அடித்தவனுக்கே தெரியாது. எங்கள் கேப்டன் டாஸ் ஜெயித்தால் காற்றை முதுகில் வாங்குகிற பக்கத்தைத்தான் எடுப்பான். முதல் பாதியில் கோல் அடித்துவிடலாம் என்று கணக்கு. அதனால் கால் ஓய்ந்த இரண்டாவது பாதி முழுவதும் கச்சானுக்கு எதிரே ஓடினோம். எங்கள் கோலி, அதாவது கோல்கீப்பர், அடித்த கோல் கிக் நடுக்கோட்டைத் தாண்டாமல் திரும்பி வந்தது. இதை 14 மேட்சில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. நோட்டில் "கிழக்குப் போஸ்ட், மேற்குப் போஸ்ட்" என்று எழுதியிருந்ததால்தான் மாட்டியது.

இன்னொரு காரணம்தான் பெரியது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனி தொழிலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரை திரும்பும். எங்கள் மேட்ச் ஞாயிறு மாலை நாலரை மணிக்கு. சனிக்கிழமை போன பையன் இரவெல்லாம் வலை இழுத்து, ஞாயிறு காலை மீனை இறக்கி, பிரித்து, வலையைச் சரிபார்த்து வீட்டுக்கு வர பத்து மணி. சோறு தின்று படுத்தால் மூன்று மணிக்கு நான் போன் போட்டு எழுப்புவேன். எங்கள் முதல் 11 பேரில் 5 பேர் இப்படி. நடு மைதானத்தில் ஆடிய இரண்டு பேரும் அந்த ஐந்துக்குள். 60-ஆவது நிமிடத்தில் டீம் சரிந்தது என்று சொன்னோமே, சரிந்தது தூக்கம்.

படி 3: அந்த 11 பேர் எத்தனை முறை சேர்ந்து ஆடினார்கள்?

ஒரே ஒரு கணக்குதான் போடுவேன் என்று அடம்பிடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுங்கள். "நம்ம டீம்" என்று நீங்கள் மனதில் வைத்திருக்கும் அந்த 11 பேர் ஒன்றாகத் தொடங்கிய மேட்ச் எத்தனை?

எங்களுக்கு 3. அந்த மூன்றில் ஒரு வெற்றி, இரண்டு டிரா, தோல்வியே இல்லை. மீதி 11 மேட்சில் ஒருத்தனுக்குத் தொடை நரம்பு இழுத்திருக்கும், ஒருத்தன் மச்சினன் கல்யாணத்துக்குத் தொண்டி போயிருப்பான், ஒருத்தன் போன படகு எஞ்சின் கோளாறாகி மதியம் வரை கரை வந்திருக்காது. ஏழாவதாக வந்தது நாங்கள் திட்டிக்கொண்டிருந்த டீம் இல்லை. வேறு ஏதோ ஒரு டீம், வாரத்துக்கு ஒரு முகமாக.

மூன்று மேட்சை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் ஆடவே விடாத டீமைக் கலைப்பதற்கு அந்த மூன்றைவிடக் குறைவான ஆதாரம்தான் எங்களிடம் இருந்தது.

உங்கள் கணக்கில் 9, 10 மேட்ச் சேர்ந்து ஆடியும் தோற்றிருந்தால் கதை வேறு. அப்போது ஆளை மாற்றுவது பற்றித் தாராளமாகப் பேசுங்கள்.

படி 4: அதிர்ஷ்டத்தைக் கழித்துவிடுங்கள்

8 தோல்வியில் 5 ஒரே கோல் வித்தியாசம். அதற்காக உடனே "நம்ம நேரம் சரியில்லை" என்று ஆறுதல் தேடாதீர்கள். வாய்ப்புகளை எண்ணுங்கள். டிவியில் எக்ஸ்ஜி என்று காட்டுகிறார்களே, அதன் அடிப்படை எளிது: எந்த இடத்திலிருந்து, எந்த நிலையில் அடித்த பந்து வழக்கமாக எத்தனைக்கு எத்தனை கோலாகும் என்பதைக் கூட்டிப் பார்ப்பது. பெனால்டியைப் பெரிய லீக்குகளில் ஏறக்குறைய நாலுக்கு மூன்று போட்டுவிடுகிறார்கள். பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடிப்பது பெரும்பாலும் வீண்தான்.

நமக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். பாக்ஸுக்குள், காலில், கோலியைத் தவிர எதிரே ஆள் இல்லாமல் கிடைத்த வாய்ப்பை மட்டும் "நல்லது" என்று கோடு போடுங்கள், இரண்டு டீமுக்கும். மேட்சுக்கு மேட்ச் நமக்கு அதிகக் கோடு விழுந்தும் தோற்றால் ஃபார்வர்டைப் பாருங்கள், அல்லது பொறுங்கள். எதிரிக்கே அதிகக் கோடு என்றால் ஸ்கோர் நெருக்கமாக இருந்தது பொய். அப்புறம் ஒன்று: தொடர்ந்து மூன்று வருடம் "அதிர்ஷ்டம் இல்லை" என்று சொல்லும் கிளப்புக்கு இல்லாதது அதிர்ஷ்டம் இல்லை.

படி 5: பெரிய கிளப்புகள் என்ன செய்தன?

டீக்கடையில் இந்த விவாதம் வந்தால் யாராவது இங்கிலாந்தின் லெஸ்டர் கிளப்பை இழுப்பார்கள். இழுக்கட்டும், ஆனால் முழுதாக. 2014–15 சீசனில் பல மாதம் கடைசி இடத்தில் கிடந்த லெஸ்டர் சிட்டி, கடைசி 9 மேட்சில் 7 ஜெயித்து 41 புள்ளியோடு 14-ஆவதாகத் தப்பியது. மறு சீசனில் வார்டி, மாஹ்ரெஸ், மோர்கன், ஷ்மைக்கேல் எல்லாம் அப்படியே இருந்தார்கள். கோச் மாறினார், ரனியேரி வந்தார். பிரான்சின் கான் கிளப்பிலிருந்து நடு மைதான ஆட்டக்காரர் கான்டே வந்தார். 81 புள்ளி, சாம்பியன். இதைச் சொல்பவர்கள் அதற்கடுத்த சீசனைச் சொல்வதில்லை. கான்டே செல்சிக்குப் போனார். மீதி டீம் பெரும்பாலும் அதேதான். 12-ஆவது இடம், ரனியேரி பிப்ரவரியிலேயே வெளியே. அப்படியே வைத்துக்கொள்வதாலும் காப்பாற்ற முடியாது, நடுவில் ஓடுகிற ஒரு ஆள் போய்விட்டால்.

கான்டே போன இடத்தையும் பாருங்கள். 2014–15 சாம்பியன் செல்சி, 2015–16-இல் 10-ஆவது. புதுக் கோச் கோன்டே வந்து, 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3–0 அடி வாங்கியபின் பின்னால் மூன்று பேர் நிற்கும் முறைக்கு மாற்றினார். அடுத்து லீக்கில் தொடர்ந்து 13 வெற்றி. வருடக்கணக்காக வேறு கிளப்புகளுக்குக் கடனாக அனுப்பிக்கொண்டிருந்த விக்டர் மோசஸ் ரைட் விங் பேக்காக நிலைத்தார். அதே ஆள், வேறு வேலை.

கலைத்துக் கட்டியதற்கு உதாரணம் இங்கிலாந்தின் கியூபிஆர் (குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்). 2011–12-இல் கடைசி நாளில் தப்பியவர்கள், பார்க் ஜி-சுங், ஜூலியோ சீசர் என்று பெயர் பெற்றவர்களாக வாங்கிக் குவித்தார்கள். அடுத்த சீசனில் முதல் 16 லீக் மேட்சில் வெற்றியே இல்லை. 25 புள்ளி, கடைசி இடம்.

நம் வீட்டுக் கதையே இருக்கிறது. சென்னையின் எஃப்சி 2018 மார்ச்சில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சாம்பியன். அடுத்த சீசன் 18 மேட்சில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி. அதற்கடுத்த 2019–20-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் புதியவர்கள்; தாபா, எலி சபியா மாதிரி சிலர் தொடர்ந்தார்கள். புதிதாக வந்த வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். ஆனால் தொடக்கம் மோசம்தான். நடுவில் கோச் மாறி ஓவன் காயில் வந்தபிறகுதான் ஃபைனல் வரை போனது. கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 3–1 தோல்வி. பக்கத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ், 2020–21-இல் 11 டீமில் 10-ஆவது. வெளிநாட்டவர் அத்தனை பேரையும் மாற்றி, சஹல், ஜீக்சன் போன்ற இந்தியப் பையன்களை வைத்துக்கொண்டு மறு சீசனே ஃபைனல்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: கூடு அப்படியே இருக்கட்டும், ஒன்றிரண்டு இடத்தில், முக்கியமாக நடுவில், சரியான ஆள், பிறகு ஆடும் முறை. 18 பேரில் 5, 6 பேருக்கு மேல் மாற்றினால் பழகுவதற்கே சீசன் போய்விடும்.

படி 6: ஜூன் மாதம் யார் ஊரில் இருப்பார்கள்?

இங்கிலாந்துக் கிளப்புக்கு இந்தக் கவலை இல்லை, அங்கே ஒப்பந்தம் இருக்கிறது. நமக்கு விசா. 21, 22 வயதில் பாஸ்போர்ட் எடுத்த பையனை அடுத்த சீசன் டீமில் பென்சிலால்தான் எழுத வேண்டும். அரை டீமைக் கமிட்டி முடிவு செய்கிறது என்று நினைப்போம். உண்மையில் துபாயிலோ கத்தாரிலோ இருக்கும் ஏதோ ஒரு மாமா முடிவு செய்கிறார்.

ஆகவே மார்ச் மாதம் ஒவ்வொரு வீட்டுக்கும் போங்கள். போனில் கேட்டால் "இருப்பேன்ணே" என்பான். வீட்டில் அம்மாவிடம் கேட்டால்தான் மெடிக்கல் முடிந்ததா, டிக்கெட் எப்போது என்பது வெளிவரும். கல்லூரிக்கு மதுரை, திருச்சி போகிறவன், படகு மாறுகிறவன், கல்யாணமாகிறவன் எல்லாரையும் எழுதுங்கள். நாங்கள் போனபோது 18 பேரில் 3 பேர் தானாகவே கழிந்தார்கள். நாம் வெளியே அனுப்ப வேண்டியது 2 பேர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்கா அவ்வளவு சண்டை போட்டோம் என்று இருந்தது.

படி 7: மூன்று குவியல்

மீதி இருப்பவர்களை மீன் பிரிக்கிற மாதிரி பிரியுங்கள். கட்டாயம் வேண்டியவர்கள். இடம் மாற்றிப் பார்க்க வேண்டியவர்கள். விடைகொடுக்க வேண்டியவர்கள்.

முதல் குவியலில் முதுகெலும்பு: கோலி, ஒரு சென்டர் பேக், நடுவில் ஒருவன், முன்னால் ஒருவன். இந்த நாலு பேர் நல்லவர்களாகவும் பெரும்பாலான மேட்சுக்கு வருபவர்களாகவும் இருந்தால் டீமைக் கலைக்கவே கூடாது என்பது என் கட்சி. நாலில் இரண்டு ஆட்டம் கண்டால் யோசியுங்கள்.

இரண்டாவது குவியல்தான் பெரிதாக இருக்க வேண்டும். எங்களிடம் ஒரு லெஃப்ட் விங். கோலே அடிக்கமாட்டான், ஊரெல்லாம் கேலி. நோட்டில் அவன் பெயருக்கு எதிரே "84 வரை ஓடினான்", "90 வரை" என்றே இருந்தது. பேக்கில் இறக்கினோம். இப்போது அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை.

தொடைப் பின்தசை அடிக்கடி இழுப்பவனை உடனே மூன்றாவது குவியலில் தள்ளாதீர்கள். ஃபுட்பாலில் அதிகம் வரும் காயமே அதுதான். பெரிய கிளப்பிலும் வருகிறது. நேராகப் படகிலிருந்து வந்து, வார்ம் அப் இல்லாமல் இறங்கினால் எவனுக்கும் இழுக்கும். ஃபிஃபா 11+ என்று 20 நிமிட வார்ம் அப் முறை இருக்கிறது, யூடியூபில் பார்த்தே செய்யலாம், காசு கிடையாது.

படி 8: கெஸ்ட் பிளேயர்

சுருக்கமாகச் சொல்கிறேன். வேண்டாம். ஒரே நாள் நாக் அவுட்டுக்கு வெளியூர் ஃபார்வர்டைக் கூட்டி வருவது சரி. லீக்குக்கு வாடகை ஆள் எடுத்தால், அவன் வராத வாரம் அந்த இடத்தில் ஆடப் பழகிய நம் பையன் இருக்கமாட்டான். நாங்கள் ஒரு சீசன் கொடுத்த காசில் மூன்று பந்தும் ஒரு செட் ஜெர்சியும் வாங்கியிருக்கலாம். சீமைக் கருவேல முள் இருக்கிற மைதானத்தில் பந்துதான் முதல் செலவு.

படி 9: போகச் சொல்வது

எங்கள் ரைட் விங் வயது 34. எனக்கு மூத்தவர், சின்ன வயதில் எனக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவர். எங்கள் பக்கம் மூத்தவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். மெசேஜ் போட்டுவிடலாம் என்று கமிட்டியில் ஒருத்தர் சொன்னார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனேன்.

"காக்கா, அடுத்த சீசன் நீங்க வெளிய இருந்து பாத்துக்கங்க."

"கால் போயிருச்சுங்கிறியா?"

"கால் போகல காக்கா. அறுபது நிமிசத்துக்கு மேல திரும்பி வரமாட்டேங்கிறீங்க. ரைட் சைடு காலியாக் கெடக்கு. எழுதியிருக்கு பாருங்க."

நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். டீ ஆறிக்கொண்டிருந்தது. ஏழாவது மேட்சில் விரலை வைத்தார். "இந்த மேட்ச்ல எனக்குக் காய்ச்சல்டா. நீதான் வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனே."

உண்மை. நோட்டில் அது இல்லை. நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சின்னப் பயலுகளுக்கு யார் சொல்லிக் கொடுக்குறது இப்ப?" என்று அவரே கேட்டார். 16 வயதுக்குட்பட்ட பையன்களை இப்போது அவர்தான் பார்க்கிறார். நோட்டில் "உடம்பு" என்று ஒரு கட்டம் கூடியது.

வெளியே அனுப்புவதை நேரில் சொல்லுங்கள், சீசன் தொடங்க மூன்று மாதமாவது இருக்கும்போது. ஊர் சின்னது, அவர் கடையில்தான் நாளைக்கு அரிசி வாங்க வேண்டும்.

படி 10: தடைக்காலத்தை வீணாக்காதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. பையன்கள் கரையில். அந்த இரண்டு மாதம்தான் நமக்குப் பயிற்சி முகாம். காசு இல்லாத காலம் என்பதால் வலைப்பின்னல், பெயின்ட் வேலை என்று அலைவார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் கேட்டால் வருவார்கள். புது முறையை, இடம் மாற்றியவர்களை, கார்னருக்கு யார் எந்தப் போஸ்ட் என்பதையெல்லாம் அப்போதே பழக்குங்கள். ஜூன் 15-க்குப் பிறகு எல்லாரும் ஒன்றாகக் கிடைக்கமாட்டார்கள்.

சீசனுக்குள் நாங்கள் செய்த மாற்றம் மூன்றுதான். டாஸ் ஜெயித்தால் முதல் பாதி கச்சானுக்கு எதிரே. சொந்த மைதான மேட்சை வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றக் கேட்டோம்: விசைப்படகு வியாழன் காலையே வந்திருக்கும், ஒரு இரவு தூங்கியிருப்பான், ஜும்ஆவும் முடிந்திருக்கும். எங்கள் நாட்டுப்படகுப் பையன்கள் அன்று விடியலில் போனாலும் மதியத்துக்குள் கரையேறிவிடுவார்கள். ஏழு ஊரில் ஐந்து ஊர் உடனே சம்மதித்தது, அவர்கள் பையன்களும் படகில்தானே போகிறார்கள். வெளியூர் ஞாயிறு மேட்சில் படகுப் பையன்களைத் தொடக்கத்தில் இறக்காமல் நாலரை வரை வேனிலேயே தூங்கவிட்டு, கடைசி 30 நிமிடம் இறக்கினோம். முதலில் முறைத்தார்கள். 75-ஆவது நிமிடத்தில் எதிரி டீம் மூச்சு வாங்கும்போது இவன் புதுக்காலோடு ஓடுவதன் சுகம் தெரிந்தபிறகு ஒருத்தனும் முறைக்கவில்லை.

இந்த வருடம் மறுபடி வீடு வீடாகப் போய் வந்தாயிற்று. கோலிக்கு மெடிக்கல் முடிந்துவிட்டது, ஆகஸ்டில் டிக்கெட்டாம். அவன் அம்மாதான் சொன்னார். முதுகெலும்பில் ஒன்று போகிறது. அவன் தம்பிக்குப் பதினாறு வயது, கை நீளம், கார்னருக்கு வெளியே வரப் பயப்படுகிறான். தடைக்காலம் முடிய மூன்று வாரம் இருக்கிறது. தினமும் மாலையில் பழைய வலை கட்டிய கிழக்குப் போஸ்ட்டில் அவனை நிறுத்தி, அண்ணனையே கார்னர் அடிக்க விட்டிருக்கிறோம்.